முப்பத்தாறு, நாற்பத்தெட்டு

கட்டி நாக்கின் வேரில்.
இவர் ஏன் பல்லை எண்ணுகிறார்?
கேட்கத்தான் நினைத்தேன்.
வாய்க்குள் கண்ணாடி இருந்தது.

டாக்டர் ரஸ்லினா சொல்லச் சொல்ல
உதவியாள் தட்டச்சினாள்:
முப்பத்தாறு. முப்பத்தேழு.
நாற்பத்தாறு. நாற்பத்தெட்டு.
இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவன் காதில்
அவை பற்களாக விழவில்லை.
முப்பத்தாறு விமான நிலையம் போகும்.
கடைசிப் பயணத்தில்
துப்புரவுப் பெண்கள் நின்றுகொண்டே தூங்குவார்கள்.

"இந்த நான்கும் போக வேண்டும்" என்றார்,
நிறுத்தத்தில் சேவை ரத்து அறிவிப்பை
ஒட்டிவிட்டுப் போகிறவர் மாதிரி.

"வலிக்கவே இல்லையே, டாக்டர்."
"இப்போது வலிக்காது.
கதிர் பட்ட தாடை எலும்புக்குத்
தன் காயத்தை மூடத் தெரியாமல் போய்விடும்.
அதன் பிறகு பிடுங்கினால் ஆறாது.
அதனால் முதலில் நான்.
இரண்டு வாரம் கழித்து அவர்கள்."

அப்போதுதான் வேலவேந்தன் நினைவு வந்தது.
ஒரே டிப்போ, ஒரே ஷிஃப்ட்.
அவருக்கு முன்கூட்டி யாரும் வாயைப் பார்க்கவில்லை.
கதிர் முடிந்தது, கேண்டீனில் கேக் வெட்டினோம்.
இரண்டாம் வருடம்
வீட்டுக்குக் கீழே இருந்த கிளினிக்கில்
ஒரு கடைவாய்ப்பல்லை எடுத்துக்கொண்டார்.
அந்தக் குழி மூடவே இல்லை.
கைக்குட்டையால் தாடையை மறைத்து
அவர் கோப்பி குடித்ததை
கூச்சம் என்று நினைத்துச் சிரித்திருக்கிறோம்.
நானும் சிரித்தேன்.

எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன் ரஸ்லினாவிடம்.

பார்க்க வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்:
பல்லைக் கடித்துக்கொண்டு இருங்கள்,
முப்பத்துமூன்று நாள்தானே.
கடிக்க இருந்ததில் நான்கைக் கொடுத்துவிட்டு
கதிர் அறைக்குப் போனேன்.
வெந்நீரில் இளகிய வலை
என் மூக்கு, நெற்றி, தொண்டைமேடு எல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு
இறுகியது.
மேசையோடு முகத்தைப் பூட்டினார்கள்.
இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக
நான் வெறும் பயணி.

ஒரே அட்டையில் இரண்டு வரிசை எண்.
கீழ்த்தளத்தில் கதிர், மூன்றாம் மாடியில் ரஸ்லினா.
இரண்டு இடத்திலும் காக்க வேண்டுமா என்று முணுமுணுத்தேன்.
ஒருநாள் ஈறு சுத்தம் செய்யக் கையுறை மாட்டியவர்
திரையைப் பார்த்துக் கழற்றிவிட்டார்.
கீமோ நர்ஸ் அனுப்பிய வெள்ளணுக் கணக்கு குறைவு.
"அடுத்த வாரம் பார்ப்போம்."
என் இரத்தத்தைப் பற்றி
எனக்குத் தெரியாமல் இரண்டு மாடிகள் பேசிக்கொள்கின்றன.
அன்றோடு முணுமுணுப்பதை நிறுத்தினேன்.
பேசவும் முடியவில்லை, புண்.

எச்சில்!
அடுத்தவர் டம்ளரில் வாய் வைக்காதே என்று வளர்த்த வீடு.
பஸ்ஸில் துப்பியவனை இறக்கிவிட்டவன் நான்.
இப்போது ஒரு சொட்டு ஊறாதா என்று
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும்
தண்ணீர் புட்டியைத் திறக்கிறேன்,
டாக்ஸியின் பின்சீட்டில்.

வாய் இறுகிப் போகாதிருக்க
முன்பற்களுக்கு இடையே ஐஸ்கிரீம் குச்சிகள்.
ஈசூன் வீட்டுச் சமையலறையில்
சகுந்தலை ஒவ்வொன்றாகச் செருகி எண்ணுகிறாள்.
ஒன்பது. பத்து.
பதினொன்றாவதற்குக் கண்ணில் நீர் வந்துவிடுகிறது.
கதவு பாதியில் சிக்கி நின்ற பஸ் மாதிரி இருக்கிறேன்.
"நாளைக்கு" என்று குச்சியைக் கழுவி வைக்கிறாள்.

இரவு பத்து நிமிடம்
இரண்டு வரிசையிலும் ஃப்ளோரைடு அச்சு.
அசையக்கூடாது, விழுங்கக்கூடாது.
அந்த நேரம் பார்த்துத்தான்
கல்யாணமான நாளிலிருந்து உள்ள கணக்கையெல்லாம் எடுக்கிறாள்.
கையை ஆட்டுகிறேன்.
பார்க்காத மாதிரி துணி மடிக்கிறாள்.

மணி அடிக்கிறது.
துப்பிவிட்டு வருகிறேன், பதில் தயார்.
அவள் கேட்டது எது என்பதுதான் மறந்துவிட்டது.